பூஜ்யத்துக்கு முன்பு: தாமதத்தை வாசித்தல்

2019 ஜூலை 15, அதிகாலை ஒன்றே முக்கால் மணி. அபிராமபுரத்தில் நாங்கள் குடியிருக்கிற அடுக்ககத்தின் மொட்டை மாடியில் பதினைந்து பேர் வடக்குப் பார்த்து நின்றுகொண்டிருந்தோம். ஸ்ரீஹரிகோட்டா இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள்தான். இரவில் ராக்கெட் கிளம்பினால், மேகம் இல்லாத நாளில், ஒரு ஆரஞ்சுப் புள்ளி எழும்பி வளைந்து போவது இங்கிருந்தே தெரியும். அன்றைக்குச் சந்திரயான் 2. கிளம்ப வேண்டிய நேரம் 2:51. கீழ்வீட்டு மாமா செல்போனில் நேரலையை வைத்திருந்தார். 56 நிமிடம் 24 நொடி பாக்கி இருக்கும்போது எண்கள் நின்றன. 'தொழில்நுட்பக் கோளாறு', ஏவுதல் ரத்து.

"நாசாவா இருந்தா இப்படி நடக்குமா?" என்றார் மாமா. நானும் என் பங்குக்குச் சொன்னேன்: "லாரித் தண்ணி மாதிரிதான் மாமா. புக் பண்ணலாம், எப்ப வரும்னு மட்டும் கேக்கப்படாது." எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஜூலையில் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. நாங்கள் சாய்ந்து நின்றுகொண்டிருந்த சின்டெக்ஸ் தொட்டியைத் தட்டினால் வெறும் சத்தம்தான் வரும். ஆகவே சிரிப்பு நியாயமான சிரிப்புதான். இருந்தாலும் இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எதிரானது. முதலில் என் சிரிப்புக்கு.

சந்திரயானில் மனிதர் இல்லை. மனிதர் ஏற வேண்டிய ககன்யான் விஷயத்திலும் நான் இதே தவறைச் செய்தேன், அதுவும் மேடையில். 2022 ஆகஸ்டில், சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, மந்தைவெளியில் ஒரு மாடி அறையில் நண்பர்கள் கூடித் 'தேசம் என்கிற கதையாடல்' பற்றிப் பேசினோம். நான் எடுத்துக்கொண்டது செங்கோட்டை உரை. 2018 ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் மோடி அங்கே நின்று, 2022க்குள், முடிந்தால் அதற்கு முன்பே, இந்தியாவின் மகனோ மகளோ மூவர்ணக் கொடியோடு விண்வெளிக்குப் போவார்கள் என்று அறிவித்திருந்தார். "எழுபத்தஞ்சு வந்தாச்சு. கொடி எங்கே? ஆள் எங்கே?" என்று கேட்டேன். நல்ல கைதட்டல்.

பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். மகேந்திரகிரியில் சோதனை மேடையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். "தம்பி, போகலைன்னு சிரிக்கீங்க. டெஸ்ட்டு முடியாம போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சீங்களா?" என்றார். நான் சொன்ன பதில்: "சார், நான் அரசியல் பேசறேன். நீங்க எஞ்சினியரிங் பேசறீங்க." அதற்கும் கைதட்டினார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து தேடினேன், போய்விட்டிருந்தார்.

அரசியல் வேறு, எஞ்சினியரிங் வேறு என்று பிரித்துப் பேசுவதுதான் அதிகாரத்தின் முதல் வேலை. அதை ஒரு 'மாற்று' மேடையில் நின்று நான் செய்திருக்கிறேன்.

*

கவுண்ட்டவுன் என்பது விஞ்ஞானத்திலிருந்து வந்த வடிவம் இல்லை. சினிமாவிலிருந்து வந்தது. 1929இல் ஜெர்மன் இயக்குநர் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'நிலவில் பெண்' என்ற மௌனப் படத்தில்தான் ராக்கெட் கிளம்பும் முன் எண்கள் கீழ்நோக்கி எண்ணப்பட்டுப் பூஜ்யத்துக்கு வந்தன. அந்தப் படத்துக்கு ஆலோசகர் ராக்கெட் விஞ்ஞானி ஹெர்மன் ஓபர்த். பார்வையாளனை நாற்காலி நுனியில் உட்காரவைக்கச் செய்த ஏற்பாடு பிறகு ஏவுதளங்களின் சடங்காகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கதைக்கு ஒரே ஒரு முடிவைத்தான் அனுமதிக்கிறோம் என்பது. பூஜ்யம். நடுவில் நின்றால் 'கோளாறு', 'பின்னடைவு', 'ஏமாற்றம்'. மறுநாள் செய்தித்தாள் பார்த்தால் இந்த மூன்றில் ஒன்று இருக்கும்.

அரசு இந்த வடிவத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொள்கிறது. செங்கோட்டை உரையும் ஒரு கவுண்ட்டவுன்தான், ஆண்டுக்கணக்கில். 75 என்கிற எண் எந்தச் சோதனை மேடையிலிருந்தும் வரவில்லை, விழாக் காலண்டரிலிருந்து வந்தது. 2018 டிசம்பரில் மத்திய அமைச்சரவை சுமார் பத்தாயிரம் கோடிக்கு ஒப்புதல் தந்தபோது நாற்பது மாதத்தில் மனிதப் பயணத்தை நடத்திக்காட்ட வேண்டும் என்றது. கூட்டிப் பார்த்தால் 2022க்குள் வந்துவிடும். கணக்கு எங்கிருந்து ஆரம்பித்து எங்கே போகிறது என்று பாருங்கள். முதலில் விடை, பிறகு வழிமுறை.

மகேந்திரகிரியின் கணக்கு வேறு. மேலே போகிற ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சின் சி.இ.20, மனிதரை ஏற்றத் தகுதியானது என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 6,350 நொடிகள் தரையில் எரிந்து காட்ட வேண்டும். நான்கு எஞ்சின்களை 39 முறை எரித்து, 8,810 நொடிகள் சேர்த்த பிறகு 2024 பிப்ரவரியில்தான் அது தகுதி பெற்றது. சாதாரணச் செயற்கைக்கோளைத் தூக்கிப் போகவும் அதே எஞ்சின்தான். ஆனால் உள்ளே ஆள் இருக்கிறார் என்றதும் கேள்வியே மாறிவிடுகிறது. 'வேலை செய்கிறதா' என்பது போய், 'வேலை செய்யாமல் போகிற எல்லா வழிகளையும் பார்த்தாயிற்றா' என்று ஆகிறது. இதற்கு முடிவே கிடையாது, எங்கோ ஒரு இடத்தில் 'போதும்' என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தப் 'போதும்' யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான் அரசியல்.

இன்னொன்று. மூன்று பேர், மூன்று நாள், 400 கிலோமீட்டர் உயரம் என்ற திட்டத்தில் அவர்கள் சுவாசிக்கும் காற்று, ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் உயிர்காப்பு அமைப்பு இந்தியாவிடம் இருக்கவில்லை. வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தோம், யாரும் தரவில்லை, நாமேதான் செய்ய வேண்டியிருக்கிறது என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் வெளிப்படையாகவே சொன்னார். நடுவில் கொரோனா. 2020 பிப்ரவரியில் ரஷ்யாவுக்குப் பயிற்சிக்குப் போன நான்கு விமானப்படையினர் (ஒருவர், அஜித் கிருஷ்ணன், சென்னையில் பிறந்தவர்) 2021 மார்ச்சில்தான் முடித்தார்கள். 2022, 2024 ஆகி, 2025 ஆகி, 2025இல் இஸ்ரோ தலைவர் நாராயணன் சொன்ன கணக்கில் 2027இன் முதல் காலாண்டு ஆயிற்று. செலவும் இரட்டிப்பாயிற்று. 2024 செப்டம்பரில் விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியையும் சேர்த்து 20,193 கோடி.

தேதி தள்ளத் தள்ள, அடுத்த தேதிகள் இன்னும் தூரத்தில் நடப்பட்டன. 2023 அக்டோபர் 17ஆம் தேதி கூட்டத்தில் 2035க்கு விண்வெளி நிலையம், 2040க்கு நிலவில் இந்தியர் என்று பிரதமர் இலக்கு வைத்தார். நான்கு நாள் கழித்து, அக்டோபர் 21 காலை, ககன்யானின் தப்பிக்கும் அமைப்பைச் சோதிக்கும் சிறிய ராக்கெட் ஐந்து நொடி இருக்கையில் தானாக நின்றது.

*

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் அப்துல் கலாமைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் ஒன்று எல்லாருக்கும் தெரியும். 1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி. 3இன் முதல் ஏவுதல். ராக்கெட் 317 நொடிகளில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்டத்தின் தலைவர் கலாம். பத்திரிகையாளர்களை எதிர்கொண்டது அவர் இல்லை, அவருக்கு மேலே இருந்த சதீஷ் தவான். தோல்வியைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். மறு ஆண்டு ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது, "நீ போய்ப் பேசு" என்று கலாமை அனுப்பினார். தலைமைப் பண்புக்கு உதாரணமாக மேலாண்மைக் கல்லூரிகள் வரை இந்தக் கதை ஓடுகிறது. நல்ல கதைதான், நான் மறுக்கவில்லை.

இந்தக் கதைக்கு ஒரு முன்பாதி உண்டு. கலாமே பல மேடைகளில் அதையும் சொல்லியிருக்கிறார், கேட்டவர்கள்தான் அதைத் தாண்டிப் போனார்கள். கடைசிக் கட்டத்தில் கணினி ஏவுதலை நிறுத்தியது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. பக்கத்தில் இருந்த நிபுணர்கள், கையிருப்பு போதும், கவலை வேண்டாம் என்றார்கள். கலாம் கணினியை மீறி ஏவச் சொன்னார். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாடு போய், ராக்கெட் கடலுக்குள்.

நாம் பாடமாக எடுத்துக்கொண்டது விழுந்த பிறகு யார் பேசினார்கள் என்பதை. விழும் முன் 'நில்' என்று சொன்ன குரல் என்ன ஆயிற்று என்பது பாடத்தில் இல்லை. கலாமைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை. மறைக்காமல் சொன்னவர் அவர்தான். மறைத்தது நம் வாசிப்பு. உள்ளே ஆள் இல்லாததால் அது ஒரு நீதிக்கதையாகிவிட்டது. ஆள் இருந்திருந்தால் அதற்குப் பெயர் சேலஞ்சர்.

1986 ஜனவரி 27 இரவு. சேலஞ்சர் விண்ணோடம் ஏற்கெனவே பல முறை தள்ளிப்போயிருந்தது. அன்று மாலைத் தொலைக்காட்சிச் செய்தியில் அந்தத் தாமதத்தைக் கேலி செய்தார்கள். எங்கள் மொட்டை மாடிச் சிரிப்பின் அமெரிக்கப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ராக்கெட்டின் பக்கவாட்டுப் பூஸ்டர்களைச் செய்த தயோகோல் கம்பெனியின் எஞ்சினியர்கள், ரோஜர் பாய்ஸ்ஜோலியும் ஆர்னி தாம்சனும், நாளைக்குக் குளிர் அதிகம், இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையங்கள் விறைத்துப்போகும், ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா அதிகாரிகள் எரிச்சலடைந்தார்கள். கம்பெனி நிர்வாகிகள் தொலைபேசித் தொடர்பைச் சற்று நிறுத்தி, தங்களுக்குள் பேசினார்கள். எஞ்சினியரிங் பிரிவின் தலைவராக இருந்தவரிடம் எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள் என்றார் மேலதிகாரி. அவர் போட்டுக்கொண்டார். மறுநாள் 73 நொடி. ஏழு பேர்.

'நான் அரசியல் பேசறேன், நீங்க எஞ்சினியரிங் பேசறீங்க' என்று மந்தைவெளியில் நான் பெரியவரிடம் சொன்னதற்கும் இந்தத் தொப்பிக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தேன். அந்த மேலதிகாரியிடம் ஒரு ராக்கெட் இருந்தது, என்னிடம் ஒரு மைக் இருந்தது.

அந்த இரவில் நடந்த முக்கியமான காரியம் கேள்வி தலைகீழானது. வழக்கமாக, 'பத்திரம் என்று நிரூபி, பிறகு ஏவலாம்' என்பார்கள். அன்றைக்கு, 'ஆபத்து என்று நிரூபி, இல்லாவிட்டால் ஏவுவோம்' என்று கேட்டார்கள். நிரூபிக்க எஞ்சினியர்களிடம் போதுமான எண்கள் இல்லை, சந்தேகம்தான் இருந்தது. அதிகாரத்தின் முன் சந்தேகத்துக்கு எப்போதும் சாட்சி போதாது. தொழிற்சாலை விபத்திலோ அணு உலை விவகாரத்திலோ மனுக் கொடுக்கப்போன யாருக்கும் இது தெரிந்த விஷயம்தான்.

சேலஞ்சரோடு ஒரு இந்தியக் கிளைக்கதையும் எரிந்துபோனது. அதே ஆண்டில் இஸ்ரோவின் ராதாகிருஷ்ணன், பட் இருவரில் ஒருவர் இன்சாட் 1சி செயற்கைக்கோளோடு விண்ணோடத்தில் போயிருக்க வேண்டும். பயணம் ரத்தாயிற்று. ஏறாமல் போனவர்களுக்கு நம்மிடம் கதை கிடையாது.

மூலதனத்தின் அவசரம் என்று இதை முடித்துவிட முடிந்தால் நமக்குச் சௌகரியம். முடியாது. 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான பக்கங்களில் விண்வெளி வீரர்களைப் பார்த்து வளர்ந்த நம் மூத்த தோழர்களுக்குச் சங்கடமான செய்தி ஒன்று உண்டு. 1964 அக்டோபர் 12 அன்று, அமெரிக்காவின் இருவர் கலம் வருவதற்குள் மூவரை அனுப்பிவிட வேண்டும் என்பதற்காக, இடம் போதாத வாஸ்கோத் கலத்தில் மூன்று பேரை விண்வெளி உடைகூட இல்லாமல் உட்காரவைத்து அனுப்பினார்கள். பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள். (அவர்கள் திரும்பிய கையோடு குருஷ்சேவ் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். மேலே போனவர்கள் வந்துவிட்டார்கள், அனுப்பியவர் இல்லை.) அந்தக் கலத்தின் தளபதி கொமரோவ். அதே கொமரோவ் 1967 ஏப்ரலில், ஆள் இல்லாச் சோதனைகள் ஒன்றுகூடச் சரியாக நடக்காத சோயுஸில் ஏற்றப்பட்டார். புரட்சியின் 50ஆம் ஆண்டு, மே தினம் நெருங்கிக்கொண்டிருந்தது. திரும்பும்போது பாராசூட் விரியவில்லை. 75, 50, மே தினம் என்று காலண்டர்களின் நிறம் மாறலாம், கொமரோவ்களுக்கு அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

கல்பனா சாவ்லாவையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும். அவர் பெயரில் தமிழக அரசு ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் துணிச்சலுக்கு விருது தருகிறது. துணிச்சல், தியாகம், கனவு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா உடைந்த பிறகு வந்த விசாரணை அறிக்கையில் வேறொன்று இருக்கிறது. விண்வெளி நிலையத்தின் ஒரு பகுதியை 2004 பிப்ரவரி 19க்குள் அனுப்பியாக வேண்டும் என்று நாசா நிர்வாகம் குறித்திருந்தது. அந்தத் தேதிக்கு இன்னும் எத்தனை நாள், மணி, நொடி என்று ஓடும் திரைக்காட்சியை அலுவலகக் கணினிகளுக்கு அனுப்பிவைத்திருந்தார்கள். இறக்கையில் நுரைத்துண்டு மோதியதைக் கண்ட எஞ்சினியர்கள், சேதத்தைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டும் நடக்கவில்லை. விருது வாங்கும் பெண்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

*

2023 அக்டோபர் 21க்குத் திரும்புவோம். ஐந்து நொடியில் கணினி நிறுத்தியது. 1979 போல யாரும் மீறவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்து பத்து மணிக்கு ஏவினார்கள், தப்பிக்கும் அமைப்பு சரியாக வேலை செய்தது. 2001 மார்ச்சில் ஜி.எஸ்.எல்.வி.யின் எஞ்சின் பற்றிய பிறகும் கணினி நிறுத்தியது, மூன்று வாரம் கழித்துப் போனது. ஆக, நிறுவனம் ஒன்றைக் கற்றிருக்கிறது. நிறுத்துகிற வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டார்கள், இயந்திரத்துக்குப் பதவி உயர்வு பற்றிய பயம் இல்லை. ஆனால் இது கடைசி நிமிடங்களுக்கு மட்டும்தான் ஆகும். ஆறு மாதம் தள்ள வேண்டும், ஒரு சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று சொல்வதற்குக் கணினி வராது. ஒரு மனிதர் ஒரு கூட்டத்தில் வாயைத் திறக்க வேண்டும்.

அப்படித் திறந்த ஒரு வாய் சமீபத்தில் பாராட்டப்பட்டது. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா அமெரிக்கத் தனியார் ராக்கெட்டில் விண்வெளி நிலையம் போக இருந்தார். ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு. முழுதாகச் சரிசெய்யாமல் ஏவக் கூடாது என்று தாங்கள் விடாப்பிடியாக நின்றதை நாராயணன் பிறகு சொன்னார். தேதி பலமுறை தள்ளி, ஜூன் 25 அன்று போனார், ஜூலை 15 அன்று நலமாகத் திரும்பினார். நம் ஊடகங்கள் இந்தத் தாமதத்தைக் கேலி செய்யவில்லை, கொண்டாடின. 'அமெரிக்கனையே நிறுத்தினோம்' என்ற தொனி. நிறுத்தியது சரி. ஆனால் நிறுத்தலும்கூட வெளியே இருக்கும் ஒருவனுக்கு எதிராக நடந்தால்தான் பெருமையாகிறது. உள்ளுக்குள்ளே ஒரு இளநிலைப் பொறியாளர் தன் பிரிவுத் தலைவரிடம் 'வேண்டாம்' என்று சொன்னால் அதற்கு என்ன பெயர்?

இது நமக்குத் தெரிவதில்லை. விண்வெளித் துறை நேரடியாகப் பிரதமரின் பொறுப்பில் இருக்கிறது. தேதியை அறிவிப்பவரும், அந்தத் தேதிக்குப் பதில் சொல்ல வேண்டிய துறையின் அமைச்சரும் ஒரே ஆள். சேலஞ்சருக்குப் பிறகு விசாரணை தொலைக்காட்சியில் நடந்தது, ஃபெய்ன்மன் ஐஸ் தண்ணீரில் ரப்பரை முக்கிக் காட்டினார், அறிக்கை புத்தகமாகக் கிடைக்கிறது. இங்கே சந்திரயான் 2 தரையிறங்காமல் போனதன் ஆய்வறிக்கை முழுதாக மக்கள் முன் வைக்கப்படவில்லை. சிவன் பிரதமரின் தோளில் அழுத காட்சி வைக்கப்பட்டது. காரணம் போய்க் கண்ணீர் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆள் ஏறாத கலத்துக்கு அது போதும் என்று யாராவது சொல்லலாம். ஏறப்போகிற கலத்துக்கு?

தாமதத்தைக் கேலி செய்யும்போது நாம் அரசை எதிர்ப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அரசு கட்டியிருக்கும் அதே கடிகாரத்தைத்தான் நாமும் கட்டியிருக்கிறோம். 'சொன்ன தேதிக்கு ஏன் நடக்கல?' என்ற கேள்விக்கு அதிகாரம் தரக்கூடிய ஒரே பதில், 'இதோ, சீக்கிரம்'. அந்தச் சீக்கிரத்தில் யார் ஏறப்போகிறார் என்று கேள்வி கேட்ட நாம் யோசிப்பதில்லை. 'எப்போது?' என்று கேட்பதை விட்டு, 'யார் நிறுத்தினார்? எதற்காக? அவர் இப்போதும் அதே வேலையில் இருக்கிறாரா?' என்று கேட்கலாம். இதற்கு இவ்வளவு கோடி தேவையா என்ற கேள்வி தனி. அதைக் கேட்க எனக்குத் தயக்கம் இல்லை, தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தவன் நான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க, இந்தக் கேலி எனக்குத் தேவைப்படவில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகும் ஒரு இடத்தில் என் வாதம் மாட்டிக்கொள்கிறது. ஸ்ரீஹரிகோட்டா ஒரு காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே சென்னையின் அடுப்புகளுக்கு விறகு அனுப்பிய தீவு, யானாதிப் பழங்குடிகளின் இடம். இன்றைக்கு அதன் தெற்கே பழவேற்காட்டு மீனவர்கள் ஏவுதல் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. ராக்கெட் கிளம்பினால் ஒரு நாள் கூலி போகும். தள்ளிப்போனால் இன்னொரு நாளும் போகும். நிறுத்தியவரின் நேர்மைக்கு அவர்கள் வலையைக் காயப்போட்டு விலை கொடுக்கிறார்கள், உள்ளே ஏறுபவர் பிழைக்கிறார். அந்த இரண்டாவது நாளுக்கு யார் கணக்கில் பணம் எழுதுவது என்று திட்டச் செலவில் ஒரு வரி இருக்க வேண்டும். மந்தைவெளிப் பெரியவரை மறுபடி பார்த்தால், இதை அவரிடம் கேட்க நினைத்திருக்கிறேன்.